3,000 ரூபாயில் எலக்ட்ரானிக்ஸ் பழக: எதற்கு அதிகம் செலவழிப்பது, எதைத் தள்ளிப்போடுவது?

எலக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காகப் பழக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு போர்டை, அதாவது புரோகிராம் எழுதி இயக்கும் சின்னக் கணினிச் சுற்றை, வாங்குகிறார்கள். ஆர்டுயினோ, ஈஎஸ்பி32, அல்லது '37 சென்சார்கள்' என்று பெட்டியில் போட்டு விற்கும் கிட். என்னிடம் யோசனை கேட்டால், அந்தப் பணத்தில் பெரும்பங்கை மீட்டருக்கும் (வோல்ட், மின்னோட்டம், எதிர்ப்பு அளக்கும் மல்டிமீட்டர்) சால்டரிங் அயர்னுக்கும் (ஈயத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டும் சூட்டுக்கோல்) ஒதுக்குங்கள், போர்டு கடைசியில் வரட்டும் என்பேன். புதியவர்கள் பாதியில் விட்டுவிடுவது பாகங்கள் போதாமல் அல்ல. கட்டிய சர்க்யூட் வேலை செய்யாது, ஏன் என்று புரியாது, கண்டுபிடிக்கக் கையில் கருவியும் இருக்காது. சில நாள் முட்டிமோதிவிட்டுப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். எங்கே கோளாறு என்று காட்டிக்கொடுக்கும் பொருள்தான் இந்தப் பொழுதுபோக்கில் நிலைத்திருக்க வைக்கும். கீழே வரும் ஒப்பீடு முழுக்க இந்தக் கண்ணோட்டத்தில்தான். விலைகளெல்லாம் தோராயமானவை, கடைக்குக் கடை மாறும்.

கிட்டா, உதிரியா?

கிட்டின் வசதியை மறுக்க முடியாது. வீட்டு வாசலுக்கே வந்துவிடும், எதை வாங்குவது என்ற குழப்பம் இல்லை. பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடையே இல்லாத ஊரில் இருப்பவருக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் பிரித்துப் பாருங்கள்: அழகாக வரிசையாக இருக்கும் சென்சார்களில் பாதியை ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தொடமாட்டீர்கள். தினமும் தேவைப்படும் ரெசிஸ்டர்களோ இரண்டு மூன்று மதிப்புகளில் மட்டும் இருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. சீனத்துக் கிட்களில் வரும் டிரான்சிஸ்டர் பெரும்பாலும் பிஎன்2222 அல்லது எஸ்8050. நம்மூர்ப் பாடங்களும் கல்லூரி லேப் குறிப்புகளும் பிசி547-ஐ வைத்து எழுதப்பட்டவை. தட்டையான பக்கத்தை நம்மை நோக்கி வைத்துப் பார்த்தால் பிசி547-ன் மூன்று கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிஎன்2222-ல் எமிட்டர், பேஸ், கலெக்டர். படத்தைப் பார்த்து அப்படியே செருகுகிறவருக்கு அங்கேயே முதல் தடங்கல்.

உதிரியாக வாங்குவது மலிவு, கூடவே பாகங்களின் பெயரும் எண்ணும் தானாகப் பழகிவிடும். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு இருக்கிறது. மதுரை, கோவை, திருச்சி போன்ற ஊர்களில் டிவி மெக்கானிக்குகளுக்குப் பாகம் விற்கும் கடைகள் இருக்கின்றன. அங்கே 'ஒரு டிரான்சிஸ்டர் கொடுங்க' என்று கேட்டால் நிற்க நேரமில்லாத கடைக்காரர் திருப்பி முறைப்பார். 'பிசி547 பத்து, 555 ஐசி ரெண்டு, 1 கே கால் வாட் இருபது' என்று சீட்டில் எழுதி நீட்டினால் இரண்டு நிமிடத்தில் பொட்டலம் கைக்கு வரும். முதல் பட்டியலாக நான் சொல்வது இது: 220 ஓம், 1 கே, 10 கே, 100 கே ரெசிஸ்டர்கள் (கே என்றால் ஆயிரம் ஓம்), திருகி எதிர்ப்பை மாற்றும் 10 கே பொட்டென்ஷியோமீட்டர் இரண்டு, பல நிற எல்இடிகள், பிசி547, 1என்4007 டையோடு, '104' என்று அச்சிட்ட 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர், 10-ம் 100-ம் மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், வெளிச்சத்துக்கேற்ப எதிர்ப்பு மாறும் எல்டிஆர், டைமர் ஐசியான 555. எல்லாம் சேர்ந்து 400 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

சால்டர் செய்யாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் மட்டும் கொஞ்சம் கவனம். 830 துளை உள்ள சில போர்டுகளில் ஓரத்து சிவப்பு, நீலக் கோடுகள் நடுவில் அறுந்திருக்கும். கோடு அறுந்த இடத்தில் உள்ளே இருக்கும் தகடும் அறுந்தே இருக்கும், ஒரு பாதியில் கொடுத்த மின்சாரம் மறுபாதிக்குப் போகாது. இதைத் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். ஜம்பர் ஒயர் கட்டுக்குத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை. லேன் கேபிளில் ஒற்றைக் கம்பியாக வருகிற ரகத்தை ஒரு மீட்டர் வாங்கி உரித்தால் எட்டு நிறத்தில் கம்பி கிடைக்கும், பிரெட்போர்டுத் துளைக்கு அளவெடுத்தது போலப் பொருந்தும்.

மீட்டர்: இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்

எல்லாக் கடையிலும் தொங்கும் மஞ்சள் நிற டிடி830 ரக மீட்டர் 200 ரூபாய் சுற்றில் கிடைக்கும். 1,000 முதல் 1,500 ரூபாய்க்கு அளவு வரம்பைத் தானே தேர்ந்துகொள்ளும் (ஆட்டோ ரேஞ்ச்), பஸ்ஸர் ஒலிக்கிற மீட்டர் கிடைக்கும். 4,000-க்கு மேல் போனால் பெயர்பெற்ற நிறுவனங்களின் மீட்டர்கள். மூன்றும் ஒரு பேட்டரியை அளந்தால் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். பிறகு எதற்கு வித்தியாசம் என்று கேட்கத் தோன்றும்.

ஒரு சின்ன சோதனை. இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து 9 வோல்ட் கொடுங்கள். நடுப்புள்ளியில் 4.5 வோல்ட் இருக்க வேண்டும். மஞ்சள் மீட்டர் அங்கே 3 வோல்ட் என்று காட்டும். அதன் உள்ளீட்டு எதிர்ப்பு 1 மெகாஓம்தான். அளக்க வைத்தவுடனே கீழ் ரெசிஸ்டருக்கு இணையாக இன்னொரு ரெசிஸ்டர் சேர்ந்த மாதிரி ஆகி, அளவையே அது மாற்றிவிடுகிறது. 10 மெகாஓம் உள்ளீட்டு எதிர்ப்பு உள்ள மீட்டர் அதே இடத்தில் ஏறக்குறைய 4.3 காட்டும். 10 கே ரெசிஸ்டர்கள் வைத்த சர்க்யூட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது என்பதும் உண்மை. ஆனால் எந்த இடத்தில் மீட்டரை நம்பலாம், எந்த இடத்தில் கூடாது என்பது பழகியவருக்குத் தெரியும். புதியவர் மீட்டர் காட்டுவதை நம்பி நல்ல ரெசிஸ்டரைக் கழற்றிப் போடுவார்.

பஸ்ஸரும் அப்படித்தான், சின்ன விஷயம் போலத் தெரியும். கன்டின்யூயிட்டி பார்க்கும்போது கண் சர்க்யூட்டில் இருக்க வேண்டும், திரையில் அல்ல. ஒலி வந்தால் தொடர்பு இருக்கிறது, வராவிட்டால் இல்லை. ஒரு மாலையில் நூறு முறை செய்யப்போகிற வேலை இது. மஞ்சள் மீட்டர்களில் பஸ்ஸர் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு, வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கடையிலேயே இரண்டு புரோபையும் (அளக்கும் ஒயர் முனைகள்) சேர்த்துத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இதைவிட முக்கியமானது பாதுகாப்பு. மஞ்சள் மீட்டரின் 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் உற்றுப் பார்த்தால், ஃபியூஸ் இல்லை என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். மின்னோட்டம் அளந்துவிட்டு சிவப்பு ஒயரை அந்தத் துளையிலேயே மறந்துவிட்டு, அப்படியே வீட்டு பிளக் பாயின்ட்டில் வைத்தால் 230 வோல்ட்டை நேராக ஷார்ட் செய்தது போல ஆகும். முதல் ஒரு வருடத்துக்கு மெயின்ஸ் பக்கமே போகக் கூடாது என்பதுதான் சரி. ஆனால் மீட்டர் என்று ஒன்று வீட்டில் இருந்தால், 'கரன்ட் வருதா பாரு' என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். அதனால் எல்லாத் துளைக்கும் ஃபியூஸ் இருக்கிற, 600 வோல்ட்டுக்கு கேட் (CAT) 2 அல்லது கேட் 3 என்ற பாதுகாப்புத் தரம் குறிப்பிட்ட மீட்டரைத் தேர்ந்தெடுங்கள். மஞ்சள் மீட்டர் ஏற்கெனவே இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். பேட்டரி சர்க்யூட்டுகளுக்கு இரண்டாவது மீட்டராக அது அருமையாக உதவும், வோல்ட்டையும் மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். டிரான்சிஸ்டரைச் செருகிச் சோதிக்கும் துளையும் பலவற்றில் உண்டு, விலையுயர்ந்த மீட்டர்கள் பலவற்றில் அது இருக்காது.

என் தேர்வு 1,200 ரூபாய் சுற்றிலுள்ள நடு ரகம். 4,000 ரூபாய் மீட்டர் நல்ல பொருள்தான், ஆனால் கற்கும் ஆளுக்கு அந்தக் கூடுதல் பணம் வேறு இடத்தில் அதிகம் பயன்படும்.

அயர்னைவிட ஈயம் முக்கியம்

சால்டரிங் அயர்னில் மூன்று வழிகள். நேராக பிளக்கில் செருகும் 25 வாட் அயர்ன், 300 ரூபாய் சுற்றில். கைப்பிடியிலேயே வெப்பத்தைத் திருகி மாற்றும் 60 வாட் அயர்ன், 500 முதல் 800 வரை. தனிப் பெட்டியோடு வரும் ஸ்டேஷன், 2,000-க்கு மேல்.

திருகு வைத்த 60 வாட் அயர்ன்தான் முதல் பார்வையில் கவர்ச்சியாகத் தெரியும். 200 முதல் 450 டிகிரி வரை எண்கள் எழுதியிருக்கும். மலிவு ரகங்களில் அந்த எண்ணும் முனையின் உண்மையான வெப்பமும் பொருந்தாது. அதைவிட என்னை உறுத்துவது, அவற்றில் பல இரண்டு பின் பிளக்கோடு வருகின்றன, எர்த் இணைப்பே கிடையாது. உள்ளே காப்பு பழுதானால் முனையில் மெயின்ஸ் கசியும். அந்த முனையை நாம் வைப்பது ஐசியின் காலில். 25 வாட்டில் சோல்ட்ரான் போன்ற இந்தியத் தயாரிப்புகள் பல வருடங்களாக ரிப்பேர் கடைகளில் உழைக்கின்றன, முனையும் ஹீட்டரும் தனியாகக் கிடைக்கும். எந்த அயர்னாக இருந்தாலும் மூன்று பின் பிளக் இருக்கிறதா பாருங்கள். வீட்டுக்கு வந்ததும், பிளக்கைச் சுவரில் செருகும் முன்பே, அயர்னின் முனைக்கும் பிளக்கின் பெரிய பின்னுக்கும் இடையில் மீட்டரை வைத்துப் பஸ்ஸர் ஒலிக்கிறதா என்று சோதியுங்கள். ஒலிக்காவிட்டால் எர்த் இல்லை என்று அர்த்தம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

25 வாட்டின் குறை, அதற்கு நிறுத்தத் தெரியாது. ஸ்டாண்டில் சும்மா இருக்கும்போதும் சூடேறிக்கொண்டே போகும், முனை கறுத்து ஈயம் ஒட்டாமல் போகும். வேலை இல்லாத நேரத்தில் அணைத்துவிடுவதும், அணைக்கும் முன் முனையில் புதிய ஈயத்தைப் பூசிவிடுவதும் பழக்கமானால் ஒரே முனை நெடுநாள் உழைக்கும். கறுத்த முனையை அரம் கொண்டு தேய்க்கும் வழக்கம் வெறும் செம்பு முனைக்கு மட்டும்தான் பொருந்தும். மேலே இரும்புப் பூச்சு உள்ள முனையைத் தேய்த்தால் பூச்சு போய்விடும், பிறகு ஈயம் செம்பைக் கரைத்து முனையைக் குழியாக்கிவிடும். ஊசி போன்ற முனையைவிடத் தட்டையான உளி முனையை வாங்குங்கள். சூடு பரவ அகலம் வேண்டும், ஊசிமுனை நுணுக்கமான வேலைக்கு என்பது தோற்றம்தான்.

ஸ்டேஷனை எப்போது வாங்கலாம்? வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து சால்டர் செய்கிற அளவுக்கு வந்தபின். அன்றைக்கு அந்த 2,000 ரூபாய் நிச்சயம் தகும். வெப்பம் ஒரே நிலையில் நிற்பது கையில் உணர்ந்தால்தான் தெரியும்.

ஆனால் ஐயாயிரம் ரூபாய் ஸ்டேஷனையும் கெட்ட ஈயம் (சால்டர் கம்பி) தோற்கடித்துவிடும். டின் 60, காரீயம் 40 என்ற கலவை 190 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். 63/37 கலவை சரியாக 183 டிகிரியில் உருகி அங்கேயே இறுகும். லேபிள் இல்லாமல் எடைபோட்டு விற்கும் கம்பிகளில் டின் குறைவு. டின் விலை அதிகம் என்பதால் விற்பவருக்கு அது லாபம். டின் 40 மட்டும் இருந்தால் முழுதாக உருக 238 டிகிரி வேண்டும், அதுவரை கூழ் போல நிற்கும், ஜாயின்ட் மங்கலாக, வெடிப்போடு வரும். கற்பவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். 22 கேஜ் தடிமனில், உள்ளே ரோசின் ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாக ஒட்ட உதவும் பொருள்) உள்ள, 60/40 என்று லேபிளில் எழுதிய கம்பியை 50 கிராம் வாங்குங்கள். காரீயமில்லாத சால்டர் உடம்புக்கு நல்லது என்பது சரி, ஆனால் அது உருகவே 217 டிகிரிக்கு மேல் வேண்டும், 25 வாட்டில் கற்கிறவரைச் சோதிக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மட்டும் அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொள்ளலாம். காரீயம் கலந்த கம்பியோடு வேலை செய்தால் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வேலை செய்யும் மேஜையில் டீயோ பலகாரமோ வேண்டாம். எழும்புகிற புகை ஃபிளக்ஸுடையது. அது மூச்சுக்குழலை எரிச்சலூட்டும், அதனால் ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசப் பயன்படும் நவச்சாரமும், ஆசிட் ஃபிளக்ஸும் சர்க்யூட் போர்டுக்கு ஆகாது. ஈயம் நன்றாகத்தான் பிடிக்கும், ஆனால் மிச்சமாகத் தங்கும் உப்பு செம்புக் கோடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும்.

மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

9 வோல்ட் பேட்டரி பல கிட்களில் இருக்கும். அதனால் அதுதான் சரியான வழி என்ற எண்ணம் பரவிவிட்டது. எல்இடி எரிய வைக்கவும் 555-ஐப் பழகவும் அது போதும். அதற்கு மேல் போனால் கைவிட்டுவிடும். சாதாரண 9 வோல்ட் பேட்டரிக்குள் சேமிப்பு சில நூறு மில்லி ஆம்பியர்-மணிதான், உள் எதிர்ப்பும் அதிகம். ஆர்டுயினோவில் ஒரு சின்ன சர்வோ மோட்டாரை இணைத்தால், மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்ட்டேஜ் படுத்துவிடும், போர்டு ரீசெட் ஆகி முதலிலிருந்து தொடங்கும். பார்ப்பவர் புரோகிராமில் தப்பைத் தேடுவார்.

அடுத்த வழி செல்போன் சார்ஜர். 5 வோல்ட், 1 அல்லது 2 ஆம்பியர், வீட்டிலேயே இருக்கும். நல்ல தேர்வு, ஒரே நிபந்தனை: போன் நிறுவனமே கொடுத்த சார்ஜராக இருக்கட்டும். நடைபாதையில் விற்கும் மலிவு சார்ஜர்களுக்குள் 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் போதிய இடைவெளி இருக்காது. பவர் பேங்கும் பயன்படும், ஆனால் சர்க்யூட் மிகக் குறைவாக மின்சாரம் இழுத்தால், போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று எண்ணி அது தானாக அணைந்துவிடும்.

உண்மையில் கற்பவருக்கு மிகவும் உதவுவது மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய சப்ளை. 30 வோல்ட், 5 ஆம்பியர் பெஞ்ச் சப்ளை 5,000 ரூபாயைத் தொடும். புதிய சர்க்யூட்டுக்கு முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது 50 மில்லி ஆம்பியர் என்று வரம்பு வைத்துவிட்டால், எங்காவது ஷார்ட் இருந்தாலும் வோல்ட்டேஜ் தானாக இறங்கிவிடும். எதுவும் கருகாது, தப்பு நடந்திருக்கிறது என்பதும் உடனே தெரிந்துவிடும். 3,000 ரூபாய் பட்ஜெட்டில் இது வராது. அதன் இடத்தில் ஒரு மாற்று இருக்கிறது: எக்ஸ்எல்4015 ஐசி வைத்த, வோல்ட்டேஜையும் மின்னோட்டத்தையும் தனித்தனியே திருகி அமைக்கும் சின்ன மாட்யூல். 300 ரூபாய்க்குள் கிடைக்கும். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை அதற்குக் கொடுத்தால் 1.25 வோல்ட்டிலிருந்து 17 வோல்ட் வரை எடுக்கலாம். மிகச் சிறிய மின்னோட்டத்தில் இதன் வரம்பை நுணுக்கமாக அமைக்க வராது. அப்படியும், வரம்பே இல்லாத சார்ஜரைவிட எவ்வளவோ மேல்.

லித்தியம் பேட்டரியைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம். பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத 18650 செல்லை ஷார்ட் செய்தால் தீப்பிடிக்கலாம்.

போர்டு

இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் மாதம் போர்டே வேண்டாம். எல்டிஆரும் பிசி547-ம் வைத்து இருட்டினால் எரியும் விளக்கு, 555 வைத்து மினுக்கும் எல்இடி என்று கட்டுங்கள். ஹான்ஸ் கமன்சிண்ட் வடிவமைத்து 1972-ல் சிக்னெடிக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 555 இன்றும் பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. கெப்பாசிட்டர் நிரம்புவதையும் வடிவதையும் மீட்டரில் பார்த்தே புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாகம் இல்லை.

பிறகு போர்டு வாங்கும்போது, புரோகிராமிங் புதிது என்றால் ஆர்டுயினோ ஊனோ. 5 வோல்ட்டில் இயங்கும், கொஞ்சம் கரடுமுரடாகக் கையாண்டாலும் தாங்கும், உதாரணங்கள் கணக்கில்லை. ஆர்டுயினோவின் வடிவமைப்பு திறந்த வன்பொருள் என்பதால் குளோன் (பிறர் செய்யும் நகல்) வாங்குவதில் சட்டச் சிக்கல் இல்லை. யுஎஸ்பி இணைப்புக்கு சிஎச்340 சிப் வைத்த குளோன் ஒரிஜினலின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும், சில கணினிகளில் டிரைவர் மட்டும் நிறுவ வேண்டியிருக்கும். ஏற்கெனவே பைத்தானோ சியோ எழுதத் தெரிந்தவர் நேராக ஈஎஸ்பி32-க்குப் போகலாம். வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே இருக்கின்றன, நினைவகமும் ஊனோவின் 2 கிலோபைட்டோடு ஒப்பிட முடியாத அளவு. அதன் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, 5 வோல்ட் சென்சாரை நேராக இணைக்கக் கூடாது. 2021-ல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவும் இந்த 3.3 வோல்ட் வகைதான், பைத்தானில் தொடங்க விரும்புபவருக்கு நல்லது.

எந்தப் போர்டாக இருந்தாலும் கணினி அதைக் கண்டுகொள்ளவில்லை என்றால் முதலில் யுஎஸ்பி கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் செய்வதற்கென்றே விற்கும் கேபிள்களில் தகவல் போகும் கம்பிகளே இருக்காது.

கணக்குப் போட்டால்: மீட்டர் 1,200. அயர்ன், ஸ்டாண்டு, ஈயம் சேர்த்து 700. பாகங்கள் 400, பிரெட்போர்டும் கம்பியும் 150, சப்ளை மாட்யூல் 300, கட்டரும் சின்ன பிளையரும் 250. மொத்தம் 3,000. போர்டுக்கு அடுத்த மாதம் 400 எடுத்து வையுங்கள்.

ஆசிலோஸ்கோப்?

மின் சிக்னலின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் இந்தக் கருவிமேல் ஆசை வரும், வரட்டும். நாமே சால்டர் செய்து கட்டும் டிஎஸ்ஓ138 கிட் மலிவு, கட்டிப் பார்ப்பதே நல்ல பயிற்சி. ஆனால் அது 200 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கும், ஒரே சேனல். ஆடியோ சர்க்யூட்டுக்குப் போதும். ஆர்டுயினோவும் சென்சாரும் பேசிக்கொள்வதைப் பார்க்க விரும்புகிறவருக்கு 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும் எட்டு சேனல் லாஜிக் அனலைசர் அதிகம் உதவும். யுஎஸ்பியில் செருகி, இலவசமாகக் கிடைக்கும் பல்ஸ்வியூ மென்பொருளைத் திறந்தால் எந்தக் கம்பியில் எந்த எண் போனது என்று எழுத்தாகவே காட்டும். உண்மையான பெஞ்ச் ஸ்கோப் 20,000 ரூபாய்க்கு மேல். அனலாக் சர்க்யூட்டோ பவர் சப்ளையோ வடிவமைக்கத் தொடங்கிய பிறகு, குறைந்தது 50 மெகாஹெர்ட்ஸும் இரண்டு சேனலும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பெஞ்ச் ஸ்கோப்பின் புரோபில் தொங்கும் கிரவுண்டு கிளிப் சுவர் பிளக்கின் எர்த்தோடு நேராக இணைந்தது. அதை மெயின்ஸ் ஓடும் சர்க்யூட்டில் ஒருபோதும் மாட்டாதீர்கள்.